முதல் ஜோடி போகும் வழி

1784 ஆகஸ்ட் 29, மாலை நான்கு மணி. போலந்து கிராமம் ஒன்றில், பண்ணையார் ஹெரோனிமின் அறுவடை விருந்துக்கு இருபது ஜோடிகள் கூடியிருந்தன. பண்ணையடிமை வாலெந்தி, அதே பண்ணையில் கதிர் அறுக்கும் ரொசாலியாவை மணக்க அவரிடம் அனுமதி கேட்டான்.

“நான் உன் பின்னால் கோயில்வரை நடந்து வந்தால் கல்யாணம்!” என்றார் பண்ணையார். விருந்தாளிகள் சிரித்தார்கள்.

பொலோனேஸ் ஆட்டம் தொடங்கியது. கிராமத்துக் கல்யாணங்களில் பிறந்து மாளிகை ஏறிய நடை ஆட்டம் அது. முதல் ஜோடி போகும் இடமெல்லாம் மற்றவர்கள் போக வேண்டும், விலகினால் அவமானம். எவனும் கைதட்டி முதல் ஜோடிப் பெண்ணைத் தனக்கு ஜோடியாக்கலாம். இடமிழந்தவர் பின்னால் போக வேண்டும்.

அறுவடையில் எல்லோரையும் முந்திக் கதிர் அறுத்த பெண்ணோடு பண்ணையார் முதல் ஜோடியாக ஆடுவது வழக்கம். அந்த வருடம் முந்தியவள் ரொசாலியா.

வாலெந்தி கைதட்டினான்.

“என்னடா திமிர்?”

“ஆட்ட முறைதானே, எஜமான். பின்னால வாங்க.”

முற்றத்தைச் சுற்றாமல் அவன் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினான். பண்ணையாரும் மற்ற ஜோடிகளும் பின்னால் நடக்க, பிடில்காரர்களும் வாசித்தபடி வந்தார்கள். கோயில் படியில்தான் நின்றான்.

“நடுவில் விலகியிருக்கலாமே?” என்று பண்ணையாரிடம் கேட்டார், விருந்திலிருந்து கூடவே வந்த பாதிரியார்.

“இத்தனை பேர் முன்னாலா!” பண்ணையார் வியர்வையைத் துடைத்தார். “முழிக்காதீங்க, சாமி. கல்யாணத்தை அறிவிச்சிடுங்க.”

அக்டோபர் 10, ஞாயிற்றுக்கிழமை, வாலெந்திக்கும் ரொசாலியாவுக்கும் திருமணம் நடந்தது.