நடந்து போன கடல் சாமந்தி

சிங்காரி ஒரு கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பு, அதில் மூன்று வெள்ளைப் பட்டை. அந்தப் பட்டைகள் மேல் அதற்கு அப்படி ஒரு பெருமை! அது குடியிருந்தது பூவக்கா என்ற கடல் சாமந்தியின் மடியில். கடல் சாமந்தி பார்க்கத்தான் பூ. உண்மையில் அதுவும் நம்மைப் போல ஓர் உயிர்தான். நூறு விரல்களை விரித்துக்கொண்டு பாறையில் ஒட்டி உட்கார்ந்திருக்கும். யாராவது தொட்டால் சுரீரென்று கொட்டும். சிங்காரியை மட்டும் கொட்டாது, பெற்ற பிள்ளை மாதிரி வைத்துக்கொள்ளும்.

இவர்கள் இருந்தது தூத்துக்குடியில், கண் டாக்டர் ஜெசிந்தாவின் ஆஸ்பத்திரி முன்கூடத்தில் இருந்த ஒரு கண்ணாடித் தொட்டியில். உப்புத் தண்ணீர், மணல், பாறை, பாறை மேல் விதவிதமான பவளங்கள். நான்கடி நீளம்தான், ஆனால் அவர்களுக்கு அதுதான் சமுத்திரம்! தலைக்கு மேலே நான்கு டியூப்லைட். தொட்டியிலேயே பிறந்த சிங்காரிக்கு அதுதான் சூரியன்.

கொஞ்ச நாளாகவே பூவக்காவுக்கு உடம்பு சரியில்லை. தட்டு அகலத்துக்கு விரிந்திருந்த உடம்பு கிண்ணம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. விரல்களின் பழுப்பு நிறம் நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டே வந்தது.

"அக்கா, ஏன் இப்படி மெலிஞ்சு போனே?" என்று கேட்டது சிங்காரி.

"பசிக்குதுட்டி," என்றது பூவக்கா.

சிங்காரி பதறிப் போனது. தனக்குப் போட்ட இறால் துண்டைக் கவ்விக்கொண்டு வந்து ஊட்டிவிட்டது. பூவக்கா தின்றது. பசி மட்டும் போகவில்லை.

எப்படிப் போகும்? அது இறால் பசி இல்லை, வெளிச்சப் பசி! ஆமாம், இந்த அதிசயத்தைக் கேளுங்கள். கடல் சாமந்தியின் சதைக்குள்ளும் பவளத்தின் சதைக்குள்ளும் கண்ணுக்கே தெரியாத பாசிகள் லட்சக்கணக்கில் குடியிருக்கின்றன. வெளிச்சம் விழுந்தால் போதும், அவை அடுப்பைப் பற்றவைத்துவிடும். சமைத்ததில் பெரும்பங்கை வீட்டுக்காரிக்கே கொடுத்துவிடும். வெளிச்சத்தைச் சோறாக்கித் தின்கிற பிறவிகள்! நினைக்க நினைக்க எனக்கே மலைப்பாக இருக்கிறது.

அந்த டியூப்லைட்டுகளை மாட்டி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பார்வைக்கு நன்றாகத்தான் எரிந்தன. உள்ளே சத்துப் போய்விட்டது. டியூப்லைட் மேல் குற்றம் சொல்லக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றியிருந்தால் அது பாட்டுக்குச் சோறு போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் கண் டாக்டரின் கண்ணுக்கே அது தெரியவில்லையே, என்ன செய்ய!

ஒரு திங்கட்கிழமை காலையில் வளர்ப்பு மீன் கடை விக்டர் ஒரு எல்.இ.டி. விளக்கோடு வந்து நின்றார்.

"டாக்டரம்மா, இப்ப எல்லாரும் இதைத்தான் போடுறாங்க. ஒரு வாரம் மாட்டிப் பாருங்க!"

டாக்டர் யோசித்தார். "சரி விக்டர். டியூப்லைட்டை எல்லாம் இடது பக்கம் தள்ளிடுங்க. வலது பக்கம் இதை மாட்டுங்க. மீனுங்க எந்தப் பக்கம் போய்க் கூடுதோ, அந்த விளக்கு இருக்கட்டும். இன்னொண்ணை அடுத்த திங்கக்கிழமை எடுத்துட்டுப் போயிடுங்க."

புது விளக்கு எரிந்தது. அம்மாடியோ!

வலது பக்கத்து மணலில் வெளிச்சம் ஓடியது! மேலே தண்ணீர் அசைய அசைய, கீழே மணல் மேல் வெள்ளைக் கோடுகள் வலை பின்னின, பிரிந்தன, மறுபடியும் பின்னின. செத்துக் கிடந்த பாறை மூச்சு விடுவது போல இருந்தது. பச்சைப் பவளம் ஒன்று தானே விளக்காகிவிட்டதோ என்னவோ, அப்படி ஜொலித்தது. மீன்கள் எல்லாம் துடுப்பை அசைக்கக்கூட மறந்து நின்றுவிட்டன.

சங்கையா என்றொரு நண்டு, ஒரு சங்குக்குள் குடியிருந்தது. அந்தத் தொட்டியில் நிஜக் கடலைப் பார்த்தது அது ஒன்றுதான். சங்கைவிட்டுப் பாதி உடம்பை வெளியே நீட்டி, அண்ணாந்து பார்த்தது.

"இது எங்க ஊரு வெயிலுல்லா! கடலுக்குள்ள வெயில் இப்படித்தான் ஆடும்! இப்படியேதான் ஆடும்!" என்று கத்தியது.

சிங்காரிக்கு ஆசை தாங்கவில்லை. பூவக்காவின் மடியைவிட்டுக் கிளம்பி வலது பக்கம் போனது. வெளிச்சக் கோடுகள் அதன் முதுகில் ஏறி இறங்கின. ஆகா, என்ன சுகம்! அப்போதுதான் கீழே பார்த்தது. மணலில் கரேலென்று ஒன்று! சிங்காரி நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. சிங்காரி ஓடினால் அதுவும் ஓடியது.

"ஐயோ! என்னைத் துரத்துது! என்னைத் துரத்துது!"

வேறொன்றும் இல்லை, சிங்காரியின் நிழல்தான். டியூப்லைட் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவி விழும், அதனால் அங்கே நிழல் தெளிவாக விழுந்ததே இல்லை. பாவம், பிறந்ததிலிருந்து தன் நிழலையே பார்க்காத மீன்! விழுந்தடித்துக்கொண்டு பூவக்காவின் மடிக்குள் வந்து புகுந்தது.

பயம் தெளிந்ததும் அதற்குக் கோபம் வந்தது. மடியில் உட்கார்ந்தபடியே எல்லா மீன்களையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டது.

"அந்த விளக்கு நமக்கு வேண்டவே வேண்டாம்! திங்கக்கிழமை வரைக்கும் எல்லாரும் இந்தப் பக்கமே இருங்க. டாக்டரம்மா பார்த்துட்டு அதை அனுப்பிடுவாங்க!"

நீலமேகம் என்ற பெரிய நீல மீனுக்கு இது பிடிக்கவில்லை. "அங்கே போனா நான் எப்படி மின்னுறேன் பார்த்தியா? ராஜா மாதிரி இருக்கேன்!"

"மின்னுறது இருக்கட்டும் மாமா. உங்க மூக்குல இருக்கிற தழும்பும் அங்கே பளிச்சுனு தெரியுதே!" என்றது சிங்காரி.

நீலமேகம் உடனே இடது பக்கம் வந்துவிட்டது.

நாலாம் நாள் இன்னொன்றும் நடந்தது. புது விளக்குக்கு நேர் கீழே இருந்த ஒரு சின்னப் பவளம் வெளுத்துப் போனது. பட்டினி கிடந்த பிள்ளைக்கு ஒரே நாளில் விருந்து வைத்தால் வயிறு என்ன ஆகும்? அதே கதைதான். முழு வேகத்தில் எரிந்த விளக்கை அதனால் தாங்க முடியவில்லை.

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா! நான் அப்பவே சொன்னேனே!" என்று துள்ளியது சிங்காரி.

சனிக்கிழமை டாக்டர் தொட்டி முன்னால் வந்து நின்றார். அத்தனை மீனும் இடது பக்கம். உடனே போனை எடுத்தார். "விக்டர், இதுங்களுக்கு டியூப்லைட்தான் பிடிச்சிருக்கு. திங்கக்கிழமை வந்து புதுசைக் கழட்டிட்டுப் போயிடுங்க."

சிங்காரிக்குத் தலைகால் புரியவில்லை. தன் சூரியனைத் தானே காப்பாற்றிவிட்ட பெருமை!

மறுநாள் ஞாயிறு. ஆஸ்பத்திரி பூட்டியிருந்தது. விளக்குகள் மட்டும் தாமாக எரிந்தன. நடுப்பகலில் சிங்காரி மடியில் சொகுசாகப் படுத்திருந்தது. திடீரென்று மடி அசைந்தது.

"அக்கா! என்ன பண்றே?"

"கிளம்பிட்டேன்."

"எங்கே?"

"அந்த வெயிலுக்கு."

சிங்காரி குனிந்து பார்த்தது. மூன்று வருஷமாகப் பாறையோடு பாறையாக ஒட்டியிருந்த பூவக்காவின் அடிப்பாதம் மெல்ல மெல்லப் பிரிந்தது. ஓர் ஓரம் எழும்பியது, முன்னால் நீண்டது, ஒட்டிக்கொண்டது. பின்னால் இருந்த ஓரம் இழுபட்டு வந்தது. நடக்கிறது! வீடு நடக்கிறது!

"உனக்குக் காலு இருக்கா அக்கா?" என்று கேட்டது சிங்காரி.

"ஒண்ணே ஒண்ணு இருக்குட்டி. இந்த வெளிச்சத்துல இருந்தா இன்னும் பத்து நாள்தான் தாங்குவேன். அங்கே போயிட்டா பொழைச்சுக்கிடுவேன்."

சிங்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாளைக்கு அந்த விளக்கைக் கழற்றிவிடுவார்களே! கழற்ற வைத்ததே நான்தானே! ஐயோ, என் வீட்டுக்கு நானே கொள்ளி வைத்துவிட்டேனே!

வழியோ ஒரு முழம். நம் கைக்கு ஒரு முழம், பூவக்காவுக்கு அது அரை நாள் பயணம். அந்த வழியில் ஒரு எமன் வேறு இருந்தது. தண்ணீரைச் சுழற்றும் மோட்டார்! அதன் சல்லடை வாய் ஓயாமல் தண்ணீரை உறிஞ்சும். பிடி நழுவி வருகிற மெல்லிய உடம்பு எதுவானாலும் இழுத்துக் கூழாக்கிவிடும்.

சங்கையா முன்னால் போய், எந்தக் கல் ஆடாது என்று தட்டித் தட்டிப் பார்த்துச் சொன்னது. பூவக்கா விரற்கடை விரற்கடையாக நகர்ந்தது. மீன்கள் சுற்றி நின்று பார்த்தன. கோயில் தேர் அசைந்து வரும்போது ஊர் நிற்குமே, அப்படி நின்றன.

மோட்டாருக்கு அருகில் வந்ததும் தண்ணீர் இழுத்தது. பூவக்காவின் ஓர் ஓரம் பாறையைவிட்டுப் படபடவென்று எழும்பியது. நூறு விரல்களும் சல்லடைப் பக்கம் வளைந்தன.

"அக்கா!"

சிங்காரி பாய்ந்தது. எழும்பிய ஓரத்தின் மேல் தன் உடம்பை வைத்து அழுத்தியது. சின்ன உடம்பு, எத்தனை நேரம் தாங்கும்? "மாமா! நீலமேகம் மாமா! காப்பாத்துங்க!"

நீலமேகம் ஒரு கணம் சல்லடையைப் பார்த்தது. அடுத்த கணம் போய் அதன் மேல் பக்கவாட்டில் தன் முழு உடம்பையும் சாத்தியது. சர்ரென்று சல்லடை அதைக் கவ்வியது. மின்னும் செதில்கள் நாலைந்து பிய்ந்து போயின.

"போனா போகுது! நீ நட தாயி, நட!" என்று முனகியது நீலமேகம்.

இழுப்புக் குறைந்தது. பூவக்கா பாதத்தை ஊன்றியது. ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை, மோட்டாரைத் தாண்டிவிட்டது! வாலை அடித்து அடித்துத் தன்னைப் பிய்த்துக்கொண்டு வந்த நீலமேகத்தை எல்லா மீன்களும் சூழ்ந்துகொண்டன.

சாயங்காலம் பூவக்கா வெளிச்சத்தின் ஓரத்தைத் தொட்டது. நேராக நடுவுக்குப் போகும் என்று சிங்காரி நினைத்தது. இல்லை! கொஞ்சம் முன்னால் போனது, விரல்களைச் சுருக்கியது, கொஞ்சம் பின்னால் வந்தது. சாய்ந்த வெளிச்சம் விழுகிற ஒரு பாறைச் சரிவில் நின்றது. இவ்வளவு போதும் என்பது போல அங்கேயே பாதத்தைப் பதித்தது.

பிறகு விரிந்தது. விரல் விரலாக, வட்டம் வட்டமாக விரிந்து, ஒவ்வொரு விரல் நுனியிலும் ஊதா நிறம் கொஞ்சமாக எட்டிப் பார்த்தது. அதன் மேல் வெளிச்சக் கோடுகள் ஓடின. சிங்காரி அழுதுவிட்டது. நிழலைப் பற்றிய நினைப்பே அதற்கு இல்லை.

திங்கட்கிழமை விக்டர் ஏணியோடு வந்தார். டாக்டர் கதவைத் திறந்தார், தொட்டியைப் பார்த்தார், கைப்பையைக் கீழே போட்டார்.

"விக்டர், தொடாதீங்க! இது நடந்து வந்திருக்கு! அங்கேயிருந்து இங்கே வரைக்கும்!"

விக்டரும் கும்பிடுவது போலக் கைகளைச் சேர்த்துவிட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விளக்குக்கு நேர் கீழே வெளுத்துப் போன பவளத்தைப் பார்த்தார். பூவக்கா நின்ற சரிவைப் பார்த்தார்.

"இந்த விளக்கே இருக்கட்டும், தொட்டி முழுக்கப் போடுங்க. ஆனா இது நின்ன இடத்துல எவ்வளவு வெளிச்சம் இருக்கோ, அந்த அளவுக்குக் குறைச்சு வைங்க. வாரத்துக்குக் கொஞ்சமா கூட்டிக்கலாம். எனக்கு இது பாடம் எடுத்திருக்கு விக்டர்!"

மாதம் திரும்புவதற்குள் பூவக்கா மறுபடியும் தட்டு அகலத்துக்கு விரிந்தது. வெளுத்த பவளத்துக்கும் நிறம் திரும்பியது. சிங்காரிக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"அக்கா, உனக்கு அந்த வெளிச்சம்தான் வேணும்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

பூவக்கா அதை விரல்களால் அணைத்துக்கொண்டது. "ஏட்டி, நீ கூட்டம் போட்டது என் மடியில உட்கார்ந்துதான். தொட்டியில இருந்த அத்தனை மீனையும் கூப்பிட்டே. ஒரு தடவை குனிஞ்சு என்னைக் கேட்டியா?"

ஆகவே, யாருடைய உயிர் ஒரு முடிவை நம்பி இருக்கிறதோ அவரைக் கேட்காமல் எடுக்கும் முடிவு, ஊரே கூடி எடுத்தாலும் தப்பான முடிவுதான்.