தண்டபாணியும் ஈப்பிடிப்பானும்

“தண்டபாணி சொல்றது தப்புன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், டாக்டர்,” என்றார் அருளானந்தம்.

மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். பறவை பார்க்கக் கற்றுக்கொள்ள, காரைக்குடியிலிருந்து ஈக்வடார் காடுவரை வந்திருந்தார். கற்றுக்கொடுக்கும் எழில்நங்கைக்கு அவர் மகள் வயது. அந்தக் காட்டின் ஈப்பிடிப்பான் குருவிகளைப் பல வருடமாக ஆராய்பவர்.

முந்தின நாள் ஒரு குருவியைப் படமெடுத்து, பெயர் எழுதி, ஊர் நண்பர்களின் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார் அருளானந்தம். தண்டபாணி வேறு பெயர் சொல்லிவிட்டார். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டுவிட்டார்.

எழில்நங்கை படத்தைப் பார்த்தார். மேலே மங்கலான பச்சை. கீழே மஞ்சள் மாதிரி ஏதோ.

“நீங்க சொன்னதா இருக்கலாம். அவர் சொன்னதா இருக்கலாம். வேற எதுவாவும் இருக்கலாம்.”

“உங்களுக்கே தெரியலையா?”

“படத்துல தெரியாது சார். வாங்க.”

படமெடுத்த இடத்துக்கே போனார்கள். குருவி அதே மரத்தில் இருந்தது.

அருளானந்தம் காமிராவைத் தூக்கினார். எழில்நங்கை தன் தொப்பியைக் கழற்றி அதன்மேல் கவிழ்த்தார். பிறகு ஒரு வேரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“டாக்டர், தூங்கிட்டீங்களா? குருவி முன்னாடியே இருக்கு.”

“இருக்கட்டும். பார்க்க எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். குரல்தான் வேற வேற. அது வாயைத் திறக்கட்டும்.”

அவரும் உட்கார்ந்து கண்ணை மூடினார். கழுத்தில் கொசு கடித்தது. அடிக்கவில்லை. தன்னை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

“தண்டபாணிக்கு இந்தப் பொறுமை வராது டாக்டர். மொட்டை மாடியில நின்னு மைனா பார்க்கிற ஆளு. புஸ்தகத்தைப் புரட்டிப் பேர் வைக்கிறான். போன வருஷம் வேடந்தாங்கல் கூட்டிட்டுப் போனேன். அங்கேயும் எங்கிட்ட வாதம். நான் ஒண்ணு சொன்னா அவன் ஒண்ணு சொல்றான்…”

எழில்நங்கை கண்ணைத் திறந்தார். எழுந்து, உடையில் ஒட்டியிருந்த சருகுகளைத் தட்டினார்.

கிளை காலியாக இருந்தது.

“பறந்துடுச்சா? பேர் தெரியாமலே போச்சே.”

“தெரிஞ்சுது சார். ரெண்டு தடவை தெளிவாக் கூவுச்சு.”

“எப்ப?”

“நீங்க மொட்டை மாடியில இருந்தப்ப ஒரு தடவை. வேடந்தாங்கல் போனப்ப ஒரு தடவை.”