பதின்மூன்றாவது காலடி

அந்தக் காலத்தில், பறவைகள் கூட்டம் போட்டுப் பேசிய நாளில், ஓர் ஏரியைச் சுற்றிப் பதின்மூன்று இனங்கள் வாழ்ந்தன. கரைக்கு ஒரு சட்டம். ஒரு கரையில் பருந்து குஞ்சைத் தூக்கினால், மற்றக் கரைகள் வேடிக்கை பார்க்கும்.

இது சரிப்படாது என்று கூடிப் பேசி, எல்லோருக்கும் பொதுவாக ஒரே சட்டம் எழுதினார்கள். ஒருவர் கூவினால் எல்லோரும் உதவிக்கு வர வேண்டும். ஏரித் தீவின் மரங்களில் எல்லோரும் கூடு கட்டலாம். சட்டத்தை நடத்த இரண்டு மன்றங்கள்: கீழ்மன்றத்தில் கூட்டத்தின் அளவுக்கு ஏற்ற இடங்கள், மேல்மன்றத்தில் இனத்துக்கு இரண்டு. சம்மதிக்கும் இனத்தின் தலைவர், பாறைமேல் பரப்பிய ஈரக் களிமண்ணில் காலைப் பதிக்க வேண்டும். ஒன்பது தடம் விழுந்தால் சட்டம் நடப்புக்கு வரும். களிமண் காய்வதற்குள் பதிக்காத இனத்துக்குத் தீவில் இடமில்லை.

ஆள்காட்டிகளின் தலைவர் செங்கண்ணனுக்கு வயிறு எரிந்தது.

"கீழ்மன்றத்தில் கூழைக்கடாவுக்கு நாலு இடம். நமக்கு ஒன்றாம்."

"அவங்க கூட்டம் பெரிசுங்க," என்றாள் மனைவி. "மேல்மன்றத்தில் எல்லாருக்கும் சமமா ரெண்டுதானே?"

"அந்தப் பைவாயனுக்கு வந்த வாழ்வைப் பார்."

"அவர் வாயைப் பார்த்துக்கிட்டிருந்தா நம்ம முட்டை பொரியுமா? நாலு முட்டை இடப்போறேன். போய்க் காலை வச்சிட்டு வாங்க."

செங்கண்ணன் போனார். பன்னிரண்டு தடங்கள் விழுந்திருந்தன. நடுவில், தாமரை இலைபோல, கூழைக்கடாவின் தடம். அதன் ஓரத்தில் சின்ன இடம்.

"வாங்க மச்சான்," என்றது கூழைக்கடா. "உங்களுக்குத்தான் விட்டு வச்சிருக்கோம்."

செங்கண்ணன் காலைத் தூக்கினார். இவன் காலடியில் என் காலா? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? தூக்கிய காலைப் பாறையிலேயே ஊன்றிக்கொண்டார். வெயில் ஏறட்டும், அந்தப் பெரிய தடம் வெடித்து உதிரட்டும், பிறகு நடுவிலேயே பதிக்கலாம்.

வெயில் ஏறியது. களிமண் வெடிக்கவில்லை, கல்லாய் இறுகியது. கூழைக்கடாவின் தடம் அப்படியே இருந்தது. செங்கண்ணன் பதறி மிதித்தார், குதித்தார். நகக்கீறல்கூட விழவில்லை.

"அண்ணே, ஆடினது போதும். கால் சுளுக்கிக்கும்," என்றது நாமக்கோழி.

மனைவி கரையோரப் பருக்கைக்கல்லில் நாலு முட்டைகளையும் இட்டாள்.

அன்றிலிருந்துதான் ஆள்காட்டி வெறும் தரையில் முட்டையிடுகிறது. யார் நடந்து வந்தாலும் கத்தித் தீர்க்கிறது. அந்தக் குரல் கேட்டு மற்றப் பறவைகள் எல்லாம் உஷாராகிவிடுகின்றன. உதவிக்கு மட்டும் ஒன்றும் வருவதில்லை.