சிங்கம் சாகாத கிணறு

கோணச்சேரிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். வம்பெல்லாம் அதில்தான் ஆரம்பம்.

அன்று உச்சிப்பொழுதுக்குள் பொன்னுரங்கத்தின் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்திவிட முடியுமா? தோடு வாங்க முதல் பஸ்ஸிலேயே டவுனுக்கு வந்துவிட்டான். துணைக்குப் பங்காளிகள் இரண்டு பேர்: மூத்தவர் சடையப்பன், இளையவன் அங்கமுத்து. தோடு வாங்கியாயிற்று. திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. பக்கத்து அருங்காட்சியகத்து வாசலில் 'கதைக்குள் வாருங்கள்!' என்று பெரிய பலகை. கூப்பிட்டும் போகாமலிருப்பது மரியாதையா? போனார்கள்.

டிக்கெட் கிழித்த பெண் சொன்னாள்: "முயல் சிங்கத்தை ஏமாத்திக் கிணத்துல குதிக்க வச்ச கதை சார். நாலு சுவர்லயும் காடு தெரியும், நடுவுல கிணறு. கதை முடிஞ்சதும் அந்தக் கதவு வழியா வெளிய போங்க. நடுவுல எழுந்து போகாதீங்க."

"சத்தியமா போகமாட்டோம்மா" என்றார் சடையப்பன்.

உள்ளே கும்மிருட்டு. திடீரென்று சுவரெல்லாம் காடு. காலடியில் புல் அசைந்தது. அங்கமுத்து வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டான். சிங்கம் கர்ஜித்ததும் பொன்னுரங்கம் தோட்டுப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டான். முயல் சிங்கத்தைக் கிணற்றடிக்குக் கூட்டிவந்தது. சிங்கம் எட்டிப் பார்த்தது, உறுமியது, தொபுக்கென்று குதித்தது. ஜனங்கள் கைதட்டிவிட்டு நடையைக் கட்டினார்கள். நம் ஆட்களும் எழுந்தார்கள்.

மறுபடியும் சிங்கம் கர்ஜித்தது.

"உக்காருங்கடா!" என்றார் சடையப்பன். "அது சாகல. கதை இன்னும் முடியல. பாதியில எழுந்து போறாங்க பாரு, பொறுப்பில்லாத ஜனம்!"

உட்கார்ந்தார்கள். சிங்கம் குதித்தது, திரும்ப வந்தது. குதித்தது, திரும்ப வந்தது.

"அண்ணே, பஸ்ஸு போயிரும்ணே" என்றான் பொன்னுரங்கம். "நான் போகலைன்னா புள்ளைய யாரு மடியில உக்கார வைப்பாங்க?" அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வாக்குக் கொடுத்திருக்கோம்ல. சிங்கம் செத்தாத்தான் கதை முடியும். எழவு, ஏன் சாகமாட்டேங்குது?"

அங்கமுத்து தவழ்ந்துபோய்க் கிணற்றுக்குள் கைவிட்டுத் துழாவினான். "அண்ணே! ஒரு சொட்டுத் தண்ணி இல்லண்ணே. வெறும் கண்ணாடி. தண்ணியில்லாத கிணத்துல சிங்கம் எப்படிண்ணே சாகும்?"

"அதான பார்த்தேன்" என்றார் சடையப்பன். "முயல் மேல தப்பில்ல. கிணறு வெட்டினவன் ஏமாத்திட்டான்."

மூலையில் குடிதண்ணீர்க் கேன் இருந்தது. பொன்னுரங்கம் அதைத் தூக்கிவந்து, சிங்கம் குதிக்கும் நேரம் பார்த்து மொத்தத்தையும் கவிழ்த்தான். படார் என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. காடு போச்சு, முயல் போச்சு, சிங்கமும் போயேபோச்சு.

"அப்பாடா, கதை முடிஞ்சுது" என்றார் சடையப்பன்.

அருங்காட்சியக அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஐயோ, போச்சே! எல்லாம் போச்சே!"

சடையப்பன் அவர் தோளை ஆதரவாகத் தட்டினார். "மனசைத் தேத்திக்கங்க சார். அதுவும் எத்தனை தடவைதான் தப்பிக்கும்?"

மூவரும் அந்தப் பெண் சொன்ன கதவு வழியாகவே வெளியேறி, ஓடிப்போய்ப் பஸ்ஸைப் பிடித்தார்கள்.

பந்தலில் ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். "ஏண்ணே இவ்வளவு நேரம்?" என்றாள் தங்கச்சி தனபாக்கியம்.

"ஒரு சாவும்மா. சிங்கம் ஒண்ணு தவறிப்போச்சு."

மேளம் நின்றது. தனபாக்கியத்தின் மாமனார் தொண்டையைச் செருமினார். "சாவு எடத்துலேர்ந்து வந்து புள்ளையத் தொடலாமா? சிங்கம் உனக்கு என்னப்பா முறை?"

"முறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாமா."

"கடைசியா அதுக்குத் தண்ணி ஊத்தினது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீதானப்பா மகன் ஸ்தானம்! தீட்டு உனக்குத்தான்."

பொன்னுரங்கம் அப்படியே இடிந்து உட்கார்ந்துவிட்டான். ஆசையாக வாங்கிய தோட்டை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

தனபாக்கியத்துக்குத்தான் யோசனை வந்தது. "மாமா, பாப்பாவுக்கு முடியெறக்க வந்தவரு இங்கதான இருக்காரு? அண்ணனுக்கும் ஒரு மொட்டையப் போட்டுத் தலை முழுகச் சொன்னா, காரியம் முடிஞ்சதா ஆயிடாதா?"

ஊரே கூடிப் பேசி, சரிதான் என்றது. மழித்த தலையில் சந்தனம் பூசிக்கொண்டு மாமன் உட்கார்ந்தான். மழித்த தலையோடு மருமகளும் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை ஏற்றினார். குழந்தை வீலென்று அலறியது.

தனபாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாருங்க, அந்தச் சிங்கத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல எம்புள்ள. என்னமா அழுவுது!"