பச்சை முகம்

விமான நிலையக் கழிப்பறைகளில் காலையிலிருந்து தண்ணீர் இல்லை. அத்தனையும் நிலைய வாசலில் புதிதாகக் கட்டிய நீரூற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கழிப்பறை வாசலில், பச்சைச் சிரிப்பு முகத்தையோ சிவப்புக் கோப முகத்தையோ அழுத்திப் பயணிகள் கருத்துச் சொல்லும் மெஷினைத் தட்டிக் காட்டினார் மேனேஜர் கோபிநாத்.

"விருதுக் குழு வருது. இதுல ஒரு சிவப்பு முகம் விழுந்தாலும் உனக்கு வேலை கிடையாது. எல்லாம் பச்சையா சிரிக்கணும்."

"தண்ணி, சார்..." என்றாள் துப்புரவு வேலை செய்யும் அஞ்சலை.

"அது உன் பாடு."

அஞ்சலை மெஷினை உருட்டிக்கொண்டுபோய் நீரூற்றின் அருகே நிறுத்தினாள். அங்கே செல்ஃபி எடுத்தவர்களெல்லாம் பச்சையை அழுத்திவிட்டுப் போனார்கள்.

கோபிநாத்துடன் விருதுக் குழுத் தலைவர் வந்தார். "கழிப்பறை மெஷினுக்கு இங்க என்னம்மா வேலை?"

"தண்ணி இருக்கற இடத்துலதானேங்க ஜனங்க முகம் சிரிக்குது!"

அங்கே சிவந்த ஒரே முகம் கோபிநாத்துடையது.

மறுநாள் கழிப்பறைக் குழாய்களில் தண்ணீர் கொட்டியது. தரையைக் கழுவிக்கொண்டிருந்தவள் வேறொருத்தி.