டம்ளரா, டவராவா

ஏற்காட்டில் மங்கையர்க்கரசி தன் வீட்டு மாடி அறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுவாள். இந்த முறை வந்திருந்தவர் ஹன்னா. போலந்துக்காரர். மங்கையர்க்கரசியைப் போலவே கணவனை இழந்தவர். மாலையானால் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பேச ஆள் கிடைக்குமா என்று பார்ப்பார். மங்கையர்க்கரசிக்கும் பேச ஆசைதான். அதற்காகவே ஆங்கிலம் படித்தாள்.

மாணவிக்கு ஐம்பத்தாறு வயது. ஆசிரியர் செலஸ்டினுக்கு இருபத்து நான்கு. பாடம் நடக்கும்போது அவரைச் "சார்" என்பாள். காபி கொடுக்கும்போது "தம்பி".

ஹன்னா ஊருக்குக் கிளம்பும் நாள் காலை, பாடத்தில் உட்கார்ந்ததும் மங்கையர்க்கரசி ஆரம்பித்தாள்.

"சார், ஒரு சந்தேகம்."

"கேளுங்கம்மா."

"நேத்து அந்தம்மா நம்ம பட்டர் ஃப்ரூட் மரத்தைக் காட்டி, யார் வெச்சதுன்னு கேட்டாங்க. வெச்சது எங்க வீட்டுக்காரர். 'பிளாண்டட்'னு சொல்லணுமா, 'ஹேட் பிளாண்டட்'னு சொல்லணுமா? மரம் வெச்ச அப்புறம்தான் வீடே கட்டினோம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எது முந்தி, எது பிந்தின்னு யோசிச்சு வாயைத் திறக்கறதுக்குள்ள டீயைக் குடிச்சிட்டு மாடிக்குப் போயிட்டாங்க."

"அதுக்கு முந்தின நாள்?"

"அன்னைக்கு 'இஃப்' போட்டு ஒண்ணு கேட்டாங்க. அதுக்கு இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்."

செலஸ்டின் சிரிக்கவில்லை.

"காபி கிடைக்குமாம்மா?"

நுரை பொங்கக் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை. டம்ளரைப் பார்த்தார். டவராவைப் பார்த்தார். மோவாயில் கையை வைத்துக்கொண்டார். மாடியில் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. சேலத்துக்குப் போகிற டாக்ஸி வாசலில் வந்து நின்றது.

"தம்பி, காபி ஆறுது."

"டம்ளர்லயே குடிக்கறதா, டவராவுல ஊத்திக் குடிக்கறதான்னு யோசிக்கறேன்."

"நல்லா யோசிச்சீங்க போங்க! ஆடை படியுது பாருங்க. எதுல குடிச்சாலும் வாய்க்குள்ளதானே போகப்போகுது!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. செலஸ்டின் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். ஹன்னா காரில் ஏறப்போகும் நேரம். மங்கையர்க்கரசி மரத்தைக் காட்டினாள்.

"மை ஹஸ்பண்ட் பிளாண்ட். ஐ வாட்டர். ஹீ சே, டூ மச் வாட்டர். டெய்லி ஃபைட்!"

ஹன்னா பையைக் கீழே வைத்தார். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அவரும் பேச ஆரம்பித்தார். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இன்ஜினை நிறுத்தினான்.

வெகுநேரம் கழித்து மங்கையர்க்கரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"டிரைவர் மூஞ்சியைப் பாக்கணுமே சார்!"

"என்ன பேசினாங்க?"

"அவங்க வீட்டுக்காரர் ஆப்பிள் மரம் வெச்சிருந்தாராம். அவர் போன அப்புறம் பக்கத்து வீட்டுக்காரன் அதை வெட்டச் சொல்லி ஒரே நச்சரிப்பாம். இவங்க விடலை. அந்த மரமும் போயிருந்தா நானும் போயிருப்பேன்னு சொன்னாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டேன்."

"போயிருந்தா, போயிருப்பேன். நம்ம 'இஃப்' பாடம் இதேதான். இங்கிலீஷ்ல அதை எப்படிச் சொன்னாங்க? 'ஹேட்' எங்க வந்தது, 'வுட்' எங்க வந்தது?"

மங்கையர்க்கரசி யோசித்துப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"கவனிக்கலையே, சார்."

செலஸ்டின் ஆறிப்போன காபியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இதைச் சூடு பண்ணிக் கொடுங்கம்மா. குடிச்சிடறேன்."