சிவப்புத் துண்டு

"ஒன்பது வருஷம் மண்டையைக் குடைஞ்சு நான் செஞ்ச விமானம். அதுல நான் எப்பத்தான் தனியாப் போறது, கேப்டன்?"

கேட்டவர் நாச்சியப்பன். ஐம்பத்து மூன்று வயது. அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பிலோமினாவுக்கு முப்பத்தெட்டு.

மலைமுகட்டுப் புல்தரை அது. நீளம் குறைவு, முடிகிற இடத்தில் பள்ளத்தாக்கு. அங்கிருந்து எழும்பத்தான் நாச்சியப்பன் அந்தச் சின்ன விமானத்தையே உருவாக்கினார். அன்று எதிர்மலை ஊருக்குத் தடுப்பூசிப் பெட்டி போக வேண்டும். தன் கையால் ஓட்டிப்போய்க் கொடுக்க வேண்டுமென்று அவருக்குத் தீராத ஆசை.

"பெட்டியை என் கழுதை மேல ஏத்திரவாய்யா? பொழுது சாயுறதுக்குள்ள போயிரும்" என்றான் கழுதைக்கார மொக்கராசு.

"அதுக்கு இறக்கை முளைச்சதும் சொல்லு" என்றார் நாச்சியப்பன்.

பிலோமினா புல்தரையில் இறங்கினார். காலடியால் அளந்து நடந்தார். பாதித் தரையில் தன் சிவப்புத் துண்டை விரித்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தார்.

"அந்த இடத்துல வேகமுள் நாற்பதைத் தொட்டிருக்கணும், சார். இல்லேன்னா நிறுத்திடணும்."

"அதுக்கு முன்னாடியே எழும்பிடும், கேப்டன். கணக்கு என்னோடது."

"ராத்திரி பெஞ்ச மழை யாரோடது?"

இருவரும் ஏறினார்கள். பிலோமினா கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

விமானம் ஓடியது. ஈரப்புல் சக்கரத்தைப் பிடித்து இழுத்தது. முப்பது. முப்பத்து மூன்று. துண்டு நெருங்கி வந்தது. முப்பத்தைந்து.

எழும்பிவிடும். நாச்சியப்பனுக்குத் தெரியும். அநேகமாக எழும்பிவிடும்.

பக்கத்தில் பார்த்தார். பிலோமினா ஜன்னல் வழியே கழுதையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

நாச்சியப்பன் விசையைக் குறைத்து பிரேக்கை அழுத்தினார். விமானம் வழுக்கிக்கொண்டே போய், விளிம்புக்குப் பத்தடி இருக்கையில் நின்றது.

நாச்சியப்பன் இன்ஜினை அணைத்தார். பிறகு அவரே இறங்கி, பெட்டியைத் தூக்கிக் கழுதைமேல் வைத்துக் கட்டினார்.

"இறக்கை முளைச்சிருச்சாய்யா?" என்றான் மொக்கராசு.

"பார்த்துப் போப்பா. உள்ளே இருக்கிறது மருந்து."

திரும்பி வந்தபோது, பிலோமினா அவருடைய பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நாச்சியப்பன் எட்டிப் பார்த்தார். 'தனியாகப் பறக்கலாம்' என்று எழுதியிருந்தது.

"நான் இன்னிக்கு எழும்பவே இல்லையே, கேப்டன்?"

பிலோமினா நடந்துபோய்க் கல்லை எடுத்துப் போட்டார். துண்டை உதறி, அவர் கையில் கொடுத்தார்.

"இனிமே இதை நீங்களே விரிச்சுக்கங்க, சார்."